பஞ்சர் தொட்டியில் ஐஸ்கட்டி

புவனாவின் வலது கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிடக் கொஞ்சம் நீளம். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நகம் ஒரு கருவி. உடைத்துக் காயவைத்த தேங்காய்ப் பருப்பை எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் நகத்தை வைத்து ஓர் அழுத்து. நகம் இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். இறங்காவிட்டால் மூட்டை கட்டலாம். அம்மா நாச்சியம்மாள் இப்படித்தான் லாரி லாரியாகக் கொப்பரையைத் தரம் பிரிக்கிறார். அப்பா அரங்கசாமி தென்னந்தோப்போடு சரி. களம் அம்மாவின் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தில் ஒரு சட்டம் உண்டு. வெயிலில் கொதித்துக் கிடக்கும் கொப்பரையைக் களத்திலேயே நகம் போட்டுப் பார்க்கக் கூடாது. சூட்டில் எதுவும் இளகித்தான் இருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு, அப்புறம்தான் அழுத்த வேண்டும். இது புவனாவுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒருநாள் மத்தியானம் அதை மறந்துவிட்டாள். அதனால் தம்பி கல்யாணத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி நிற்கும் நிலைமை வந்தது.

புவனாவுக்கு வேகம் பிடிக்கும். களத்து டெம்போவைத் தோப்புக்குள் ஓட்டிப் பழகியவள், கோவையில் கல்லூரி படிக்கும்போது ஆட்டோகிராஸ் என்ற விளையாட்டைக் கண்டுபிடித்தாள். திறந்த மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு வைப்பார்கள். ஒன்றையும் சாய்க்காமல், வளைந்து நெளிந்து, குறைந்த நேரத்தில் வெளியே வர வேண்டும். முதல் போட்டியில் புவனா பாதிக் கூம்புகளைச் சாய்த்தாள். மூன்றாவதில் கோப்பை வாங்கினாள். அம்மா அந்தக் கோப்பையைக் கொஞ்சநாள் பச்சைமிளகாய் போட்டு வைக்கப் பயன்படுத்தினார்.

பிறகு வங்கி வேலை, நிதீஷோடு கல்யாணம், சிங்காநல்லூரில் வீடு. நிதீஷ் பம்ப் கம்பெனியில் வடிவமைப்பாளர். மனைவி ஓட்டினால் பக்கத்து இருக்கையில் தூங்கிவிடுவார். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா என்று புவனா கேட்பாள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது ஒரு சிவப்பு டர்போ கார். பார்க்கச் சின்னது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் யாரோ தள்ளுவதுபோல் பாயும். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி, மற்ற நாட்களில் வங்கி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வால்பாறைக் கிளைக்கு மாற்றல் வந்தது.

அதே வாரம் தம்பி மதன்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி வந்துவிடும், கல்யாணம் கிடையாது.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு முக்கியமான சடங்கு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி நடக்கும் இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள், கல்யாணப் பெண்ணுக்கான கூறைச்சேலையை மூங்கில் பேழையில் வைத்து இடுப்பில் ஏந்தி, அவன் பக்கத்தில் இணையாக நிற்க வேண்டும். சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் கூப்பிடும்போது அவள் அங்கே இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். புவனா பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தம்பியை நிற்கவைத்து, முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இணைச்சீர் விளையாடியவள். அந்த விளையாட்டில் மதன் ஓடிவிடுவான், இவள் துரத்திப் பிடித்து அடித்து நிற்கவைப்பாள்.

வால்பாறைக்குக் கிளம்பும் முன் காருக்கு நல்ல டயர் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். சுந்தராபுரத்தில் மெஹராஜின் டயர் கடை. கணவர் துபாய் போன பிறகு கடையைக் கையில் எடுத்தவள் மெஹராஜ். ஆட்டோகிராஸ்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். மே மாதக் கடைசி. உச்சிவெயில். கூடவே வந்த மதன் கடை வாசலில் அடுக்கியிருந்த ஒரு டயரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பந்தயத் தடத்துக்கென்று செய்த வகை அது. அகலம், வழவழப்பு, மேலே பேருக்கு நாலு கோடு. காரில் போட்டால் எப்படி இருக்கும் என்று போனில் படம் போட்டு வேறு காட்டினான்.

புவனா குனிந்து கட்டைவிரலை வைத்தாள். நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

“இதுதான்” என்றாள்.

மெஹராஜ் தயங்கினாள். “இது ட்ராக்குல போடறதுங்க. நீங்க மழை ஊருக்குல்ல போறீங்க?”

“பிடிக்கற ரப்பரு எங்கயும் பிடிக்கும் மெஹராஜ். நகம் எப்படி இறங்குது பாருங்க.”

வேறு நாலைந்து வகைகளை மெஹராஜ் எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் புவனா நகம் வைத்துப் பார்த்தாள். எதுவும் இந்த அளவுக்கு இறங்கவில்லை. அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பேசிப் பயனில்லை என்று மெஹராஜுக்குத் தெரியும். மாட்டிக் கொடுத்துவிட்டாள். பொள்ளாச்சி வரைக்கும் கார் சாலையோடு ஒட்டிக்கொண்டு போனது. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் காய்ந்த சாலையாக இருந்தன. அன்றைக்கு மேலே போய்ச் சேர்ந்த புவனா, இதைவிட நல்ல டயர் உலகத்தில் இல்லை என்று மெஹராஜுக்குப் போன் செய்தாள்.

ஜூனில் மழை பிடித்தது. வால்பாறை மழை கோவைக்காரர்களுக்குப் புரியாத சங்கதி. கோவையில் மழை வரும், போகும். இங்கே குடியிருக்கும். துணி காயாது, உப்பு கரையும், மத்தியானம் இரண்டு மணிக்கு விளக்குப் போட வேண்டும். அப்படி ஒரு காலையில் புவனா எஸ்டேட் ரோட்டில் வங்கிக்குக் கிளம்பினாள். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஒரு சாதாரண வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவும் இல்லை. சோப்புக்கட்டி ஈரத் தரையில் வழுக்குவதுபோல் நிதானமாக, மரியாதையாக நேராகப் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. புவனாவுக்குக் கீறல்கூட இல்லை. செடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் விரிப்பை மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் பார்த்தார்கள். முன்னால் நின்ற பாவாத்தாள் என்ற அம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“இந்த வரிசை முடிஞ்சிருச்சு கண்ணு. அடுத்த வரிசைக்குப் போ.”

அதற்குள் பின்னால் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றுவிட்டது. டிரைவர் சாமுவேல் இருபது வருடமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர். அவரும் பயணிகளும் இறங்கி, “ஒண்ணு, ரெண்டு” சொல்லிக் காரைப் பின்னால் தூக்கி வைத்தார்கள். உதவ வந்தவர்களில் ஒருவர் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையால் வீடியோ எடுத்தார். புவனா வங்கிக்குப் போய் நாற்காலியில் உட்காரும் முன்னால் அந்த வீடியோ பொள்ளாச்சியில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள்.

அம்மாவின் போன் வந்தது. நாச்சியம்மாள் திட்டுவார் என்று புவனா எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அடிபட்டதா, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு களத்தில் விலை சொல்லும் குரலில் தீர்ப்பைச் சொன்னார்.

“அம்மணி, அந்தக் காரை அங்கயே நிறுத்திப்போடு. இனி மழைக்குள்ள மலை எறங்கறதுன்னா பஸ்ஸுதான். கலியாணத்தன்னைக்கும் பஸ்ஸுதான்.”

“பஸ்ஸு நேரத்துக்கு வராதுங்ம்மா. வெள்ளிக்கிழமை கேஷ் முடிச்சுத்தான் நான் கெளம்ப முடியும்.”

“அப்ப லாஸ்யா நிக்கட்டும். பெத்த புள்ளையப் பள்ளத்துல விட்டுப்போட்டு எனக்கு என்ன சீரு?”

லாஸ்யா சித்தப்பா மகள். தை மாதம்தான் கல்யாணமானவள். நல்ல பெண். அதுதான் புவனாவுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. கெட்ட பெண்ணாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

விடுப்புக் கிடைக்க வழியில்லை. வங்கியின் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று புவனாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் மூடும். சாவியை வாங்கிக்கொள்ள வேறு கிளையிலிருந்து ஓர் ஆள் வெள்ளிக்கிழமை மாலைதான் வருவார். அதற்குப் பிறகு கிளம்பும் பஸ் பொள்ளாச்சி போய்ச் சேரும்போது இணைச்சீர் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்றார், கோவை வீட்டிலேயே தங்கிவிட்ட நிதீஷ். நான் டயரைத்தான் தப்பாக வாங்கினேன், ஓட்டுவதில் என்ன தப்பு கண்டீர்கள் என்று புவனா போனை வைத்துவிட்டாள். உண்மையில் டயரில் என்ன தப்பு என்றே அவளுக்கு அப்போது புரியவில்லை. நகம் அவ்வளவு இறங்கிய ரப்பர் ஏன் பிடிக்கவில்லை?

விடை குளியலறை அலமாரியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைக்கப் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. சொந்தக் களத்துக் கொப்பரையை ஆட்டி அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய். பொள்ளாச்சியில் தண்ணீராக ஓடியது, இங்கே வெள்ளை மெழுகாக உறைந்து கிடந்தது. வால்பாறைக்கு வந்ததிலிருந்து தினமும் இதே தொல்லைதான். ஸ்பூன் காம்பை எடுத்துக் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பாட்டிலின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நகம் இறங்கவில்லை.

அப்படியே, தலையை விரித்தபடி, குடைகூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். காரின் முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து டயரில் நகத்தை வைத்தாள். மரக்கட்டை மாதிரி இருந்தது. சுந்தராபுரத்து உச்சிவெயிலில் வெண்ணெயாக இருந்த அதே டயர்.

போனில் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் நாச்சியம்மாள் வெகுநேரம் சிரித்தார். களத்தில் இருந்த ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. “என்ற மவ சூட்டோட நகம் போட்டுப் பாத்து வாங்கியிருக்கறா. ஊருக்கெல்லாம் நாஞ் சொல்லித் தாரேன், ஊட்டுல இப்படி.” சிரிப்பு அடங்கியதும் புவனா மெதுவாகக் கேட்டாள், டயரை மாற்றிவிட்டால் காரில் வரலாமா என்று. அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. லாஸ்யாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றார்.

அடுத்த சனிக்கிழமை புவனா பஸ்ஸில் இறங்கி, மதனையும் கூட்டிக்கொண்டு மெஹராஜ் கடைக்குப் போனாள். நுழையும்போதே பக்கத்து ஜூஸ் கடையில் இரண்டு வாளி ஐஸ் சொல்லிவிட்டு வந்தாள்.

“எத்தனை பேருக்குங்க ஜூஸு?” என்றாள் மெஹராஜ்.

“டயருக்கு.”

எல்லா டயர் கடையிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். டியூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துப் பஞ்சரைக் கண்டுபிடிக்கும் தொட்டி. புவனா அதில் ஐஸைக் கொட்டினாள். கொப்பரை வியாபாரத்தில் சரக்கு எங்கே போகிறதோ அந்த ஊர்ப் பருவத்தை யோசித்துத்தான் தரம் பார்ப்பார்கள். வால்பாறையைக் கடைக்குக் கொண்டுவர முடியாது, குளிரைக் கொண்டுவரலாம் என்பது அவள் கணக்கு. அவள் செய்வது புரிந்ததும் மெஹராஜ் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் மூன்று டயர்களை உருட்டி வந்தாள். ஒன்று பழைய பந்தய வகை. இரண்டாவது ரொம்ப நாள் உழைக்கும் என்று டாக்ஸிக்காரர்கள் விரும்பி வாங்கும் கெட்டி டயர். மூன்றாவது வேகமான கார்களுக்கென்று செய்தது, ஆனால் ஈரச் சாலையை மனதில் வைத்துச் செய்தது. ரப்பரில் சிலிக்கா அதிகம் சேர்த்திருப்பதால் குளிரில் சீக்கிரம் இறுகாது என்று மெஹராஜ் விளக்கினாள்.

முதலில் வெயிலில் வைத்து நகம் பார்த்தார்கள். பந்தய டயர் முதலிடம். பிறகு மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் முக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே ஐஸை வைத்தார்கள். நடுரோட்டில் டயருக்குப் போர்வை போர்த்தினால் கோவையில் கூட்டம் கூடாதா? ஜூஸ் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் டயருக்குக் காய்ச்சலா என்று கேட்டார். இன்னொருவர் ஈரத்துணி போட்டால் இறங்கிவிடும் என்றார்.

சாக்கை எடுத்ததும் புவனா நகத்தை வைத்தாள். பந்தய டயர் இறுகிவிட்டது. கெட்டி டயர் முன்பும் கெட்டி, இப்போதும் கெட்டி. மூன்றாவதில் நகம் இறங்கியது. வெயிலில் இறங்கிய அளவு இல்லை, ஆனால் இறங்கியது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் வரிசையாக வந்து நகம் வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் டயர் வாங்கும் எண்ணம் இல்லை.

“நகம் பாதிக் கதைதானுங்க” என்ற மெஹராஜ் ஒரு சொம்புத் தண்ணீரைப் பந்தய டயரின் மேல் ஊற்றினாள். தண்ணீர் போக வழியில்லாமல் மேலேயே தளும்பியது. மூன்றாவதில் ஊற்றினாள். ஆழமான பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடி மறைந்தது. மழையில் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளினால்தான் ரப்பர் ரோட்டைத் தொடும். தொட்டால்தான் பிடிக்கும். பக்கவாட்டில் அச்சிட்டிருந்த தேதியையும் காட்டினாள். எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று நாலு எண்களில் இருக்கும். பழைய சரக்கு என்றால் கடையில் கிடந்தே இறுகியிருக்கும், வாங்கக் கூடாது.

மதன் இன்னும் பந்தய டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். இதே மழை டயரில் இன்னும் அகலமாக வராதா, பார்க்கக் கொஞ்சம் கெத்தாக இருக்குமே என்றான்.

“மாப்பிள்ளை, ஊட்டுல சோத்துத் தட்டத் தண்ணில போட்டுப் பாருங்க, மெதக்கும். கரண்டியப் போடுங்க, முழுகும்” என்றாள் மெஹராஜ். “ரொம்ப அகலமாப் போனா தட்டு மாதிரித்தான் தண்ணி மேல மெதக்கும். கம்பெனிக்காரன் சொன்ன அளவே போதும்.”

“அக்கா, இவங்க என்னைய ஏதோ சொல்றாங்க.”

“உன்ற கலியாணத்துக்குத்தாண்டா வாங்கறேன். சும்மா நில்லு” என்றாள் புவனா.

புது டயர்களை மாட்ட மதனே காரை எடுத்துவரப் பஸ்ஸில் மேலே போய், வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் ஆமை வேகத்தில் இறக்கிக்கொண்டு வந்தான். டயர் மாட்டி, அக்கா அடுத்த தடவை பஸ்ஸில் வந்தபோது அவளையே ஓட்டவைத்துத் திருப்பி அனுப்பினான். கிளம்பும்போது மெஹராஜ் ஒன்று சொல்லி அனுப்பினாள். பொள்ளாச்சிச் சூட்டில் காற்று பிடித்துவிட்டு மேலே போனால் குளிரில் காற்று அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே வால்பாறையில், காலையில், கார் கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். புவனா தினமும் காலையில் முதலில் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பாள், பிறகு காற்றுப் பார்ப்பாள். எஸ்டேட் ரோட்டில் அந்தப் பழைய வளைவில் மெதுவாகவும் கொஞ்சம் வேகமாகவும் மழையில் பலமுறை ஓட்டிப் பழகினாள். பாவாத்தாள் ஒவ்வொரு தடவையும் செடிகளுக்குள்ளிருந்து கையை ஆட்டி வழியனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டகம் மூடி, புதிதாக வந்தவரிடம் சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புவனா வெளியே வந்தபோது மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் போதும், ஆனால் மிச்சம் இல்லை. கிளம்பிவிட்டேன் என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அது போனதா என்று பார்க்கும் முன்பே சிக்னல் போய்விட்டது.

கவர்க்கல் பக்கம் மூடுபனி காரின் மூக்கையே மறைத்தது. அங்கே வண்டிகள் வரிசையாக நின்றன. சவுக்கு மரம் போல உயர்ந்த ஒரு சில்வர் ஓக் சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. எஸ்டேட் ஆட்கள் ரம்பத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். வரிசையின் முன்னால் சாமுவேலின் பஸ். அவர் இறங்கி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

“என்ன மேடம், இன்னைக்கும் கொழுந்தா?”

புவனா விஷயத்தைச் சொன்னாள். சாமுவேல் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார், தடவினார். டயர் மாற்றியது அவருக்குத் தெரிந்துவிட்டது. மரத்தை ஓரம் தள்ளியதும் தன் பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தி, முதலில் இந்தக் கார் போகட்டும் என்று கையைக் காட்டினார். அவள் கடந்து போகும்போது ஜன்னலைத் தட்டிச் சொன்னார்: “நல்ல டயர்தான் மேடம். ஆனா கடிகாரத்தைப் பாத்து ஓட்டாதீங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

காருக்குள் கடிகாரம் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. விழுந்த மரத்தால் போன நேரத்தை எங்காவது பிடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பழைய புவனாவாக இருந்தால் கூம்புகளுக்கு நடுவில் போவதுபோல் போயிருப்பாள். டயர் பிடிக்கிறது, காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் தெரிகிறது. கொஞ்சம் கூட்டலாமா? லாஸ்யா இடுப்பில் பேழையோடு நிற்பது கண்முன் வந்தது. கூடவே தேயிலைச் செடியும் வந்தது. துண்டை எடுத்துக் கடிகாரத்தின் மேல் போட்டு மூடினாள். அட்டகட்டியைத் தாண்டி, ஒரே சீரான வேகத்தில் வளைவு வளைவாக இறங்கினாள்.

ஒரு கொண்டை ஊசியைத் திரும்பியபோது மூடுபனிக்குள்ளிருந்து சுவர் மாதிரி ஒன்று எழுந்தது. காட்டுமாடு. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால். நடுச்சாலையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. புவனா பிரேக்கை மிதித்தாள். ஒரு நொடி உடம்பு முழுக்கப் பழைய வழுக்கலை எதிர்பார்த்தது. கார் வழுக்கவில்லை. ஈரச் சாலையில் நேராக, மூக்கைத் தாழ்த்தி, மாட்டுக்கு நல்ல இடைவெளி விட்டு நின்றது. மாடு இவளைப் பார்த்தது. காரைப் பார்த்தது. அவசரம் எதுவும் இல்லாமல் திரும்பி நின்று, மறுபக்கத்தையும் காட்டிவிட்டு, சரிவில் இறங்கியது. புவனா சிரித்துவிட்டாள். மாட்டுக்காக நின்ற நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

ஆழியாரில் சாலை காய்ந்திருந்தது. கண்ணாடியை இறக்கினால் சூடான காற்று. போனில் சிக்னல் வந்ததும் செய்திகள் கொட்டின. கடைசிச் செய்தி மதனுடையது: “அக்கா சீக்கிரம். அருமைக்காரர் கூப்பிட்டுட்டார்.” அது வந்து நேரமாகியிருந்தது. புவனா பதில் எழுதவில்லை. ஓட்டினாள்.

மண்டபத்து வாசலில் நிதீஷ் நின்றிருந்தார். காரை அவரிடம் விட்டுவிட்டு, வங்கிக்குப் போட்டிருந்த அதே சேலையில் உள்ளே ஓடினாள். இணைச்சீர் முடிந்திருக்கும் என்றே நினைத்தாள். உள்ளே பார்த்தால் ஒன்றும் தொடங்கவே இல்லை. மதன் மணையில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தான். லாஸ்யா பேழையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பேழை காலி. கூறைச்சேலையைக் காணோம். அது இருந்த பீரோவின் சாவியைக் காணோம். மண்டபமே சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு மேசைக்கு அடியில் இருந்தார். அருமைக்காரர் துண்டால் விசிறிக்கொண்டு, நாச்சியம்மாளா சாவியைத் தொலைப்பது, களத்தில் ஒரு கொப்பரைச் சில்லு காணாமல் போனாலே கண்டுபிடிப்பாயே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“வயசாச்சுங்க மாமா. எங்கியோ வெச்சுப்போட்டேன்” என்று நாச்சியம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தேடினார்கள், அவர் மட்டும் தேடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புவனாவைப் பார்த்ததும் எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். “அட, இங்கதானுங் மாமா இருக்குது” என்று சாவியை எடுத்துக் காட்டினார்.

சித்தப்பா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். லாஸ்யாதான் முதலில் சிரித்தாள். பேழையைக் கொண்டுவந்து புவனாவின் இடுப்பில் வைத்துவிட்டு, “அக்கா, கால் விட்டுப்போச்சு. இனி உங்க பாடு” என்று போய் நாற்காலியில் விழுந்தாள்.

அம்மா பக்கத்தில் வந்து மகளின் தோளில் இருந்த மழை ஈரத்தைத் துடைத்தார்.

“வழுக்குச்சா?”

“இல்லீங்ம்மா.”

“சரி, நில்லு.”

புவனா நின்றாள். கூறைச்சேலை பேழைக்கு வந்தது. மதன் இந்தத் தடவை ஓடவில்லை. ஆனாலும் அருமைக்காரர் சீர் நடத்தும்போது புவனா ஒரு கையால் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், பழக்கதோஷம்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்த மத்தியானத்தில் நாச்சியம்மாள் மண்டபத்துக்கு வெளியே வந்தார். சிவப்புக் கார் வெயிலில் நின்றது. சுற்றிப் பார்த்துவிட்டு முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். கட்டைவிரலை டயருக்குப் பக்கம் கொண்டுபோனவர் நிறுத்தி, தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெயில் சாய்ந்து, கார் மண்டபத்து நிழலுக்குள் வந்து நன்றாக ஆறிய பிறகு மறுபடி வந்தார். இந்த முறை கூடவே, காட்டுமாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டு, புவனாவும் வந்தாள். அம்மா நிதானமாக நகத்தை வைத்து அழுத்தினார். எழுந்து முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டார்.

“கொப்பரையா இருந்தா இன்னும் காயலைன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்” என்றவர், முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார். “ஆழியாரு தாண்டிக் கொஞ்சம் மலையேறிட்டு வரலாம், எடு. அந்த மாடு எங்க நின்னுச்சுன்னு காட்டு.”